அபூர்வ வியாதி சபை நட்ட கல்

மாடக்கண்ணுவுக்கு மூச்சு வாங்கியது. வேலை செய்யும்போது வாங்கினால் அது எல்லாருக்கும் உள்ளது. இவனுக்குச் சும்மா உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போதே வாங்கியது. ஒரு வாய் குடிப்பான், கும்பாவைக் கீழே வைப்பான், விலாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே பார்ப்பான், அப்புறம் அடுத்த வாய். குடித்து முடிப்பதற்குள் கஞ்சி மேல் ஆடை கட்டிவிடும்.

மீசை முளைக்கும் முன்பே உளி பிடித்தவன். அம்மி, ஆட்டுரல், திரிகல், கோயில் படி, சர்க்கார் மைல்கல் என்று தென்காசி வட்டாரத்தில் அவன் கொத்தாத கல் குறைவு. அவனோடு பாறையில் உளி பிடித்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருக்கிறவர்களும் இவனைப் போலத்தான் கும்பாவைக் கீழே வைத்து வைத்துக் குடித்தார்கள்.

ஊர் அதற்குக் காசம் என்று பெயர் வைத்தது. வைத்த நாளிலிருந்து அவன் பெண்டாட்டி குருவம்மாளைப் பொதுக் கிணற்றில் வாளி போட விடவில்லை. வேறு யாராவது இறைத்து, தங்கள் வாளி அவள் குடத்தில் முட்டாமல் உயரத் தூக்கி ஊற்றினார்கள். பாதித் தண்ணீர் தரையில்தான் விழும். தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் இல்லை, கம்பவுண்டர் இருந்தார். அவர் எட்ட நின்று பார்த்துவிட்டு, சிவப்புத் தண்ணீர் கொடுத்து, போகிறபோது கதவைத் தொடாமல் போகச் சொன்னார்.

இதையெல்லாம் தாங்கிவிடலாம். மகள் முத்துவடிவுக்குச் சுரண்டையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. பங்குனியில் ஒரு நாள் சம்பந்தியாகவிருந்த கடற்கரை என்பவர் மாட்டை அவிழ்க்காமல் வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, வாசலுக்கு வெளியே நின்று பேசினார்.

“மச்சான், ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. பிள்ள தங்கம். ஆனா காசம் இருக்க வீட்டுல பொண்ணு எடுத்தா, என் வீட்டுல சின்னப் பிள்ளைக கெடக்கு, பாத்துக்கிடுங்க.”

“இது காசமில்ல மச்சான். பாறையில எல்லாவனுக்கும் இருக்கு. எம்பொண்டாட்டிக்கு ஒட்டியிருக்கா? பிள்ளைக்கு ஒட்டியிருக்கா?”

“நீங்க சொன்னா ஊரு கேக்குமா? ஒரு டாக்டரு என் காது கேக்க ‘இது ஒட்டாது’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். ஆவணியில மொத முகூர்த்தத்துல தாலி கட்டச் சொல்லுதேன். ஆடி கழியுத மட்டும் வேற எடம் பாக்க மாட்டேன். முப்பிடாதியம்மா மேல ஆணை.”

“டாக்டர நான் எங்கன போயிப் பிடிக்க?”

“அது ஒங்க பாடு மச்சான்” என்று கடற்கரை மாட்டைத் தட்டினார்.

அந்த வருஷம் லண்டனில் புது ராஜாவுக்கு முடிசூட்டினார்கள். குற்றாலத்தில் அபூர்வ சுவாசகோச வியாதி பிரசார சபை தொடங்கினார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. முடிசூட்டை ஒட்டிப் பட்டங்கள் வரும் என்று பேச்சு. ராவ் சாகிப் மந்திரமூர்த்தி அதற்கு அடுத்த படியான ராவ் பகதூர் ஆக விரும்பினார். அதற்குப் பொதுஜன சேவை என்று ஏதாவது காட்ட வேண்டியிருந்தது. காசத்துக்கு வேறு பெரிய மனிதர்கள் முந்திக்கொண்டு சங்கம் வைத்துவிட்டார்கள். குஷ்டத்தைப் பாதிரிமார் எடுத்துக்கொண்டார்கள். காலரா நாற்றம் பிடித்தது, ராவ் சாகிப்புக்கு ஒத்துக்கொள்ளாது. அவருடைய காரியதரிசி பிச்சைமணி ஒரு இங்கிலீஷ் பத்திரிகையைப் புரட்டிப் புரட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். கல் தூசியை மூச்சில் இழுத்து இழுத்து நுரையீரல் இறுகிப்போகிற நோய். அபூர்வமானது. கொடியது. முக்கியமாக, அதற்கு இன்னும் யாரும் தலைவர் ஆகவில்லை.

சபை என்றால் மாநாடு வேண்டும். மாநாடு நடந்ததற்கு ஒரு ஞாபகக் கல் வேண்டும். கல் என்றதும் மாடக்கண்ணுவுக்கு ஆள் போயிற்று.

“ஏலே, நல்ல கருங்கல்லா ஆள் உயரத்துக்கு மேல ஒண்ணு பாரு” என்றார் பிச்சைமணி. “சபை என்னத்துக்குன்னு தெரியுமாலே ஒனக்கு? கல் தூசி திங்கிறவன் நெஞ்சுல ஒரு வியாதி வருது. காசம் மாதிரியே இருக்கும். காசமில்ல. ஒட்டாது. இத ஜனங்களுக்கு அறிவிக்கணும். அதுக்குத்தான் இம்புட்டுப் பாடு.”

மாடக்கண்ணு அப்படியே கீழே உட்கார்ந்தான்.

“எசமான், அது எனக்கு இருக்கு.”

பிச்சைமணி அவனை முதல் தடவையாக ஏற இறங்கப் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். ஒட்டாது என்று சொன்ன வாய் காய்வதற்குள் போனார்.

“மாநாட்டுக்கு மெட்ராஸ்லேருந்து டாக்டரு வாறாரு. இந்த வியாதிக்கே தனியாப் படிச்சவரு. கல்ல நல்லா கொத்து. கூலிய அப்புறம் பேசலாம்.”

“கூலி வேண்டாம் எசமான். அந்த டாக்டரய்யா எங்க சம்பந்தி முன்னால ‘ஒட்டாது’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும்.”

கூலி வேண்டாம் என்ற சொல் பிச்சைமணிக்கு மிகத் தெளிவாகக் கேட்டது. “சொல்லச் சொல்லுதேன்லே. இது ஒரு காரியமா? சபை ஒனக்குப் பட்ட கடன்னு வச்சிக்கோ” என்றார்.

கல் வந்தது. ஒரு புலவர் வந்து கல் முகத்தில் காவியால் எழுதிக் கொடுத்தார். எழுதினபடி கொத்த வேண்டியது மாடக்கண்ணு வேலை. மேலே முதல் வரி: ‘கல் தூசியால் வரும் சுவாசகோச வியாதி தொத்து வியாதி அன்று.’ அதற்குக் கீழே தலைவர், உபதலைவர்கள், காரியதரிசி. மாடக்கண்ணுவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். முதல் வரியை ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கல்லின் மேல் தெளிக்கக் கலயத்துத் தண்ணீரில் கையை விட்டான். பிச்சைமணி கத்தினார்.

“தண்ணியக் கல்லுகிட்டக் கொண்டு போகாதலே! காவி அழிஞ்சிரும். புலவருக்கு இன்னொரு வாட்டி வெத்தில பாக்கு வைக்கவா?”

“தண்ணி தொட்டா தூசி அடங்கும் எசமான்.”

“தூசி காத்தோட போயிரும்லே.”

“ஆமா எசமான், காத்தோடதான் போவும்” என்றான் மாடக்கண்ணு. அந்தக் காற்றைத்தான் அவன் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான்.

கொத்தி முடித்ததும் ராவ் சாகிப் பார்க்க வந்தார். மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு படித்தார். முகம் கறுத்தது.

“என்ன பிச்சைமணி, வியாதிக்குக் கீழயா நம்ம பேரு?”

கல்லின் முகம் முழுவதையும் உளியால் பொளிந்து எடுத்து, புலவர் மறுபடி காவி எழுதி, மறுபடி கொத்தினான். ராவ் சாகிப் மேலே போனார். வியாதி கீழே வந்தது. அடுத்து உபதலைவர்கள் இருவரும் வந்தார்கள். ஒருவருக்கு ஆலங்குளத்தில் நிலம், ஒருவருக்குக் கீழப்பாவூரில் நிலம். மேல் வரியில் இருப்பவர் உயர்ந்தவர் ஆகிவிடுவார் என்று இருவரும் நடுப்பகல் வரை சண்டை போட்டார்கள். பக்கம் பக்கமாக எழுதலாம் என்று முடிவானது. எழுதினால் ஒருவர் பேர் நீளம், ஒருவர் பேர் கட்டை. கட்டைப் பேர்க்காரர் தமது தகப்பனார் பேரையும் தாத்தா பேரையும் சேர்த்துக்கொண்டார். மறுபடி பொளிந்தான். அப்புறம் பட்டம் வந்தது. ராவ் சாகிப் ராவ் பகதூர் ஆனார். வெடி போட்டார்கள், கற்கண்டு கொடுத்தார்கள், கல்லைப் பொளியச் சொன்னார்கள்.

ஒவ்வொரு தடவையும் வியாதி ஒரு படி கீழே இறங்கியது. கடைசியில் கல்லின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. கல் மெலிந்துகொண்டே போனது. கொத்துகிறவன் அதைவிட வேகமாக மெலிந்தான். இரவில் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய வைப்பான்.

“மாட்டேன்னு சொல்லிட்டு வந்துருங்க” என்றாள் குருவம்மாள். “நெஞ்சு இந்தப் பாடு படுது, அவுக பேரு மாத்தி மாத்தி வெளையாடுதாவ.”

“ஏட்டி, டாக்டரு வாயத் தொறக்கணும்லா” என்றான்.

ஆடிச் சாரலில் மாநாடு. பிரதிநிதிகள் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினார்கள். இடி விழுந்து பிளந்து நிற்கிற கோயில் கோபுரத்தைப் பார்த்து “ஐயோ பாவம்” என்றார்கள். குற்றாலத்துக்கு ஜட்கா ஏறினார்கள். காலையில் எட்டு மணிக்குக் கூட்டம் என்று போட்டிருந்தது. எட்டு மணிக்கு எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சுவாசகோசத்துக்கு எண்ணெய்க் குளியல் நல்லது என்று ஒரு தீர்மானம் அருவிக்கரையிலேயே நிறைவேறியது. மத்தியானம் சாப்பாடு. சாப்பிட்டதும் தூங்காவிட்டால் சுவாசகோசம் கெடும் என்று இன்னொரு தீர்மானம். கூட்டம் தொடங்கும்போது கொட்டகையில் விளக்கு வைத்தாகிவிட்டது.

வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். இங்கிலீஷில் இருந்தது. ஜனங்கள் படித்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்காக இங்கிலீஷ் என்று பிச்சைமணி விளக்கினார். குரங்குகள் சில பிரதிகளை வாங்கிக்கொண்டு மரத்தில் ஏறின. அவையும் பயப்படவில்லை.

கடற்கரை சொன்ன சொல் தவறாமல் சுரண்டையிலிருந்து வந்திருந்தார். துண்டை மடியில் போட்டு, ஒரு கையைக் காது மடலில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். கேட்கத்தானே வந்திருக்கிறார்.

ராவ் பகதூர் பேசினார்: “மகா ஜனங்களே! சாதாரண வியாதிக்குச் சாதாரண மனிதர்கள் போதும். அபூர்வமான வியாதிக்கு அபூர்வமான மனிதர்கள் வேண்டும். அடியேன் என் சொந்த சௌகரியத்தைத் துறந்து இரண்டு வாரமாகக் குற்றாலத்திலேயே தங்கி, இந்த வியாதியைப் பற்றி இரவு பகலாகக் கவலைப்படுகிறேன். இந்த ஜில்லாவில் கல் வெட்டும் பாறைகளின் குத்தகை பெரும்பாலும் நம்முடைய குடும்பத்தில்தான் இருக்கிறது. ஆகவே இந்த வியாதியிடத்தில் எங்களுக்குப் பரம்பரைப் பாத்தியதை உண்டு என்று சொன்னால் மிகையாகாது!”

கை தட்டினார்கள். பிறகு நோயாளிக் காட்சி. மாடக்கண்ணுவை மேடையில் ஏற்றினார்கள். படி மூன்றுதான். ஏறியதும் உட்கார இடம் தேடினான். நோயாளி நிற்க வேண்டும், பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார்கள்.

“இருமுலே” என்று பிச்சைமணி காதோடு சொன்னார்.

அங்கேதான் சங்கடம் வந்தது. நாள் முழுவதும் சாரல் அடித்துக் காற்று குளிர்ந்து நனைந்து கிடந்தது. தூசி ஒரு பொட்டு இல்லை. மாடக்கண்ணுவுக்கு மூச்சுத்தான் வாங்கியது. இருமல் வரவில்லை.

“வரல எசமான்.”

“கல்லக் கொத்தும்போது என் காதைத் தொளச்சே. இன்னைக்கு என்னலே வந்துது? மெட்ராஸ்லேருந்து வந்திருக்காவ, மானத்த வாங்காத.”

முக்கிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, இருமல் வரவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நல்லவேளையாகச் சீசனுக்கு வந்திருந்த நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். பபூன் வேஷக்காரர். பிச்சைமணி கண் காட்டியதும் மேடையேறி இருமினார். அது இருமல்! குனிந்து இருமினார், நிமிர்ந்து இருமினார், தூணைக் கட்டிக்கொண்டு இருமினார், கடைசியில் ராவ் பகதூர் காலடியில் விழுந்து ஒரு கையை மட்டும் தூக்கினார். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் அழுதார்கள். மெட்ராஸ் டாக்டர் திருவேங்கடம் எழுந்து வந்து, கழுத்தில் கிடந்த குழாயை எடுத்துப் பபூன் நெஞ்சில் வைத்தார். போட்டோ எடுத்தார்கள்.

“அசல் குறிகள்!” என்றார் டாக்டர். “லண்டனில் இந்த வியாதிக்காரனுடைய நுரையீரல் ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு இன்றுதான் இவ்வளவு தெளிவாகப் பார்க்கிறேன்.”

பபூனுக்கு வெள்ளி மெடல் குத்தினார்கள். மாடக்கண்ணு இன்னும் மேடையிலேயே நின்றான். அவனை இறங்கச் சொல்ல எல்லாருக்கும் மறந்துவிட்டது. அவன் கையைக் கட்டிக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினான்.

“அய்யா, எனக்கும் அதுதான். எங்க சம்பந்தி அங்கன இருக்காவ. ஒட்டாதுன்னு ஒரு வார்த்தை…”

டாக்டர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. “நீ என்ன வேலை?” என்று கேட்டார்.

“கல் கொத்துதேன்.”

“உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் இப்படி இருக்கிறதா?”

“எல்லாவனுக்கும் இருக்கு அய்யா.”

டாக்டர் ஜனங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். “கேட்டீர்களா? இதைத்தான் அறியாமை என்கிறோம். அபூர்வ வியாதி என்றால் அபூர்வமாகத்தான் வரும். எல்லாருக்கும் இருந்தால் அது அபூர்வம் இல்லை. அபூர்வம் இல்லை என்றால் அது இந்த வியாதி இல்லை.”

கை தட்டினார்கள். கடற்கரை தட்டவில்லை. எழுந்து நின்றார்.

“சாமி, நான் சுரண்டைக்காரன். எனக்கு அபூர்வம் தெரியாது. இந்த மனுசன் நெஞ்சுல இருக்கது அடுத்தவனுக்கு ஒட்டுமா, ஒட்டாதா? அத மட்டும் சொல்லுங்க. நான் வண்டியக் கெட்டிட்டுப் போயிருதேன்.”

மாடக்கண்ணு டாக்டருடைய வாயையே பார்த்தான்.

“பொதுவாகக் கேட்டால் பொதுவாகச் சொல்லலாம்” என்றார் டாக்டர். “ஒரு ஆளைக் குறிப்பிட்டுக் கேட்டால் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். பரிசோதிக்க நான் இங்கே டாக்டராக வரவில்லை. பிரசங்கியாக வந்திருக்கிறேன்.”

“அப்ப பொதுவாத்தான் சொல்லுங்களேன் சாமி.”

“பொதுவாகச் சொல்லியிருப்பேன். நீர் ஆளைக் காட்டிவிட்டீரே.”

காலையில் குளித்துவிட்டு வந்து அவனைப் பார்ப்பதாக டாக்டர் சொன்னார். காலையில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார். அங்கே பலாப்பழம் சாப்பிட்டது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல், அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தார்.

கடற்கரை ராத்திரி வண்டியிலேயே படுத்துக் கிடந்து, காலையில் கல் திறப்புக்கும் வந்தார். டாக்டர் இல்லாவிட்டால் என்ன, கல்லில் இருக்கிறது என்று மாடக்கண்ணு சத்தியம் செய்திருந்தான். அருவிக்குப் போகிற பாதை ஓரத்தில் கல்லை நட்டு மேலே பட்டுத்துணி போர்த்தியிருந்தார்கள். ராவ் பகதூர் குள்ளமானவர். தலைவர் பெயர் தலைவர் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும், அண்ணாந்து பார்த்தால் போட்டோவில் கழுத்துத்தான் விழும் என்று போட்டோக்காரர் சொன்னதால், முந்தின நாள் குழியை இன்னும் ஆழமாக வெட்டிக் கல்லை இறக்கியிருந்தார்கள்.

துணியை விலக்கினார்கள். ராவ் பகதூர், அவருக்குக் கீழே உபதலைவர்கள், அவர்களுடைய தகப்பன்மார், பாட்டன்மார், காரியதரிசி. அதற்குக் கீழே சிமிண்டு. சிமிண்டுக்குக் கீழே மண்.

“எங்கன மச்சான்?” என்றார் கடற்கரை.

மாடக்கண்ணு கல்லடியில் முழங்கால் போட்டான். “இங்கனதான் மச்சான். கொத்தினேன். இந்தக் கையாலதான கொத்தினேன்.” ஈரச் சிமிண்டை நகத்தால் சுரண்டினான். சிமிண்டு கொஞ்சம் பெயர்ந்தது. மண்ணை வாரினான். இருமல் இப்போது வந்தது. மேடையில் கேட்டபோது வராதது, பபூன் இருமலைவிடப் பெரியதாக வந்தது. மண்ணில் சிவப்பாகத் துப்பினான், மறுபடி வாரினான். ஒரு எழுத்தின் தலை மட்டும் தெரிந்தது.

“ஞாபகச் சின்னத்தச் சேதப்படுத்துதான்!” என்று பிச்சைமணி அலறினார். போலீஸ்காரர் வந்து தோளைப் பிடித்துத் தூக்கினார். தூக்கியதில் அவன் எடை தெரிந்து அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடிக்காமல் விட்டுவிட்டார்.

“மண்ணுக்கு அடியில இருந்தாலும் சபை சொன்னது சொன்னதுதான்” என்று பிச்சைமணி கடற்கரைக்கு எடுத்துச் சொன்னார்.

கடற்கரை கல்லைப் பார்த்தார், தரையில் கிடந்த சிவப்பைப் பார்த்தார். “எழுத்து எனக்குத் தெரியாது மச்சான். ஒரு வாய் வார்த்தைதான் கேட்டேன்” என்றார். வண்டியில் ஏறும் முன் மாடக்கண்ணுவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் மரத்தடியில் உட்கார வைத்தார். பிறகு குளத்தில் இறங்கி, கையை முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

ஆவணி முகூர்த்தத்தில் கடற்கரை மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. ஐப்பசி மழையில் மாடக்கண்ணு செத்தான். ஊர்க் கர்ணம் சாவுக் கணக்கில் காசம் என்று எழுதிக்கொண்டார். அவன் படுத்த பாயையும் குடித்த கும்பாவையும் ஊரார் தீயில் போடச் சொன்னார்கள். முத்துவடிவு அப்பன் உளி பிடித்த பாறைக்கே கல் சுமக்கப் போகிறாள்.

மறு சீசனில் சபையின் ஆண்டறிக்கையை வாசித்தார்கள். சபையின் பிரசாரத்தால் இந்த வட்டாரத்தில் மேற்படி வியாதியால் ஒருவர்கூட மரிக்கவில்லை என்று அதில் இருந்தது. ராவ் பகதூர் சபைக்கு ஆயுட்காலத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ‘ஆயுட்கால’ என்பதையும் கல்லில் சேர்க்க வேண்டும் என்று பிச்சைமணி ஆள் தேடி மாடக்கண்ணு வீட்டுக்கு வந்தார்.

“அவரு செத்துப் பத்து மாசமாச்சு” என்றாள் குருவம்மாள்.

“அடடா. நல்ல வேலக்காரன். வேற ஆரும் கொத்துவாங்களா இங்கன?”

“அந்த டாக்டரு இந்த வருசம் வாறாவளா?”

“என்னத்துக்கு?”

“ஒரு வார்த்தை சொல்லணும்லா. சபை எங்களுக்குப் பட்ட கடன்னு நீங்கதான சொன்னிய? அவரு போயிட்டாரு. எம்பிள்ள இருக்கா. நான் இன்னும் கெணத்தடியில குடத்த ஏந்திக்கிட்டுத்தான் நிக்கேன்.”

பிச்சைமணி யோசித்தார். ஞாபகம் வரவில்லை. மேலிடத்தில் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். கல்லில் ‘ஆயுட்கால’ ஏறிவிட்டது. வேறொரு ஆள் கொத்தினான், தண்ணீர் தொடாமல்.

‘ஒட்டாது’ என்கிற ஒரு வார்த்தை. அபூர்வ சுவாசகோச வியாதி பிரசார சபை மாடக்கண்ணு வீட்டுக்குத் தர வேண்டியது அதுதான். இன்னும் தரவில்லை.